போணிக்கு முன்னால் போகும் படகு

எனக்கு எழுத்து கூடிவராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்புவரைதான் படித்தேன், அதுவும் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். மட்டாஞ்சேரிக்கு வாழ வந்த பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். மறதியும் கூடிவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்தில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறது. போன மாதம் ஒரு பெண் வந்து, "அம்மூமே, அந்தக் காலத்துலயே உங்க மருமக கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாங்களாமே, அப்ப எப்படி வேல தேடினாங்க?" என்று கேட்டாள். எனக்கு வாயால் சொல்ல வராது.  எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பையன் அப்போது சின்னவன். நான் கடைத்தெருவில் ஒரு கிடங்கில் சுக்குப் பொறுக்கும் வேலைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து, குவித்துப் போட்ட சுக்கில் நல்லதை ஒரு பக்கம், ஒடிந்ததை ஒரு பக்கம், பூஞ்சை பிடித்ததை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் துணி கட்டிக்கொள்வோம். இருந்தாலும் சாயங்காலம் தும்மினால் மூக்கிலிருந்து சுக்குப்பொடிதான் வரும்.

அந்தக் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கடை திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் வியாபாரம் ஆகிறவரை, அதாவது போணி ஆகிறவரை, என்னைப் போல நெற்றி வெறுமையான பெண்கள் கடைகளின் முன்னால் நடக்கமாட்டார்கள். அங்கே குஜராத்தி சேட்டுகள், கொங்கணிக்காரர்கள், எங்கள் ஆட்கள் என்று எல்லாரும் வியாபாரம் செய்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே மனசு. வராதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை அது. கிடங்குகளின் பின்னால் ஒரு இடுக்குச் சந்து போகிறது. அதன் வழியாகப் போய், முதல் சாக்கு தராசில் ஏறி இறங்கிய பிறகு, பின் கதவு வழியாக உள்ளே போய் உட்காருவேன். வருஷக்கணக்கில் அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதைப் போல.

பையன் படித்து, துறைமுகத்தில், வில்லிங்டன் தீவில், கப்பலில் ஏறி இறங்கும் சாக்குகளை எண்ணி எழுதுகிற குமாஸ்தா வேலைக்குப் போனான். திருப்பூணித்துறையில் பெண் எடுத்தோம். எங்களைப் போலத் தமிழ் பேசுகிற குடும்பம். பெண் பி.எஸ்சி. படித்தவள். வந்த புதிதில் சமையலறையில் நின்றுகொண்டே புத்தகம் படிப்பாள், குழம்பு அடிப்பிடிக்கும். பையன் சிரிப்பான். தீவில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, இனிமேல் எல்லாம் அதில்தான் என்று அவன்தான் சொன்னான். அவன்தான் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டதும்.

வகுப்பு பாதி நடக்கும்போது அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. மழைக்காலம். கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரி. பிறகு ஒன்றும் இல்லை.

அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நான் அழுதேனா என்பதுகூட நினைவில் இல்லை. காரியம் முடிந்து நான் கிடங்குக்குப் போனபோது புதுச் சுக்கு வந்திருந்தது, ரொம்ப ஈரம். அது மட்டும் நினைவிருக்கிறது.

மருமகளின் அண்ணன் அவளைக் கூட்டிப்போக வந்தார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் நாலு பிள்ளைகள், மனைவிக்கு மூட்டுவலி. "நம்ம வீட்டுல ஒரு ஆள் வேண்டிக் கிடக்கு. இவ இங்க இருந்து என்ன செய்யப் போறா?" என்று என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவோரத்தில் நின்றுகொண்டு, "வகுப்ப முடிச்சுட்டு வரேன் அண்ணா. முடிச்சா வேல கிடைக்கும்" என்றாள்.

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா வரேன்."

"ஓணம் வரைக்கும் பாரு. ஓணத்துக்கு நான் வருவேன், பெட்டிய எடுத்து வெச்சிரு." பிறகு என்னைப் பார்த்து, "அத்தே, இவள எறணாகுளத்துக்கு ஒத்தைல மட்டும் அனுப்பாதீங்க. ஊரு ஒரு மாதிரி" என்றார்.

ஆகவே விஷயம் இதுதான். ஓணத்துக்குள் வேலை கிடைத்தால் அவள் ஆபீசுக்குப் போவாள். இல்லையென்றால் அண்ணன் வீட்டுச் சமையலறை, ஆயுள் முழுக்க. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது அவள் கை நின்றுவிடும். சாம்பல் காய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அவள் படித்தது என்னவென்று ஒருநாள் கேட்டேன். டிபேஸ் என்றாள். கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கிற பாஷையாம்.

"கேள்வி கேக்க என்னத்துக்கு ஒரு பாஷை?"

"அத்தே, இப்ப ஒரு கம்பெனியில ஆயிரம் பேரோட விவரம் உள்ள போட்டு வெச்சிருக்கும். அதுல நமக்கு வேண்டியத மட்டும் எடுத்துக் குடுன்னு கேக்கணும். சும்மா கேட்டா அதுக்குப் புரியாது. அதுக்குன்னு ஒரு முறை உண்டு." என் மடியில் கிடந்த சுக்கைக் காட்டினாள். பூஞ்சை பிடித்ததையும் ஒடிந்ததையும் வீட்டுக்கு எடுத்துவரக் கிடங்கில் விடுவார்கள். "இப்ப, விரல் நீளத்துக்கு மேல இருக்கணும், பூஞ்சை இருக்கக்கூடாது, ரெண்டும் சேர்ந்து இருந்தா மட்டும் எடுன்னு பறஞ்சா, அது அந்தச் சுக்க மட்டும் எடுத்துக் காட்டும்."

"அப்ப நீயும் சுக்குப் பொறுக்கற வேலைக்குத்தான் படிச்சிருக்கே."

அவள் சிரித்தாள். பையன் போனபிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. சத்தம் கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் வேலை தேடுவதென்றால் இன்றைக்குப் போல இல்லை. சந்து முனை வாசகசாலையில் இங்கிலீஷ் பேப்பர் வரும். ஆண்கள் படித்து முடித்த பிறகு, மத்தியானத்தில் அவள் போய்ப் பார்ப்பாள். வகுப்பு நடத்திய சார் மாடிப்படிச் சுவரில் காகிதம் ஒட்டுவார். டிபேஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று எப்போதாவது ஒன்று வரும். வந்தாலும், கூடவே அனுபவம் வேண்டும் என்று இருக்கும். "வேலைக்குப் போனாத்தானே அனுபவம் வரும்" என்று அவள் காகிதத்தைப் பார்த்துச் சொல்லுவாள். அனுபவம் கேட்காத ஒன்றிரண்டு கம்பெனிகள் பரீட்சைக்குக் கூப்பிடும். காலையில் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கேட்டதை அதனிடம் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும்.

வகுப்பு சாயங்காலத்தில், பரீட்சை எப்போதும் காலையில்தான். அங்கேதான் எங்களுக்குத் தகராறு.

எங்கள் சந்திலிருந்து படகுத்துறைக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். பின்பக்கச் சந்தில் சுற்றிப் போனாலும் கடைசியில் துறைக்கு எதிரே கடைத்தெருவைத் தாண்டியே ஆக வேண்டும். பஸ் ஏறலாமென்றால் பஸ் நிற்பதும் கடைகளுக்கு முன்னால்தான். முதல் தடவை பரீட்சைக்குக் கிளம்பியபோது நான் பழக்கத்தில் பின்சந்தில் திரும்பினேன். அவள் ஒன்றும் கேட்காமல் கூட வந்தாள். சந்து முனையில் நின்றோம். எதிரே கொத்தமல்லி விற்கிற மல்லிக் கடையில் சாம்பிராணிப் புகை. மிளகுக் கடையில் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு பேர், நெற்றியில் ஒன்றும் இல்லாமல், சுவரோடு ஒட்டி நின்றோம். எதிரே படகு மணியடித்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். படகு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் மல்லிக் கடையைப் பார்த்தேன். ஒருவர் வந்து மல்லி வாங்கினார், பக்கத்தில் மிளகு சாக்கு தராசில் ஏறியது. பிறகு தாண்டிப் போய் அடுத்த படகில் ஏறினோம்.

எறணாகுளத்தில் அந்த ஆபீசுக்குப் போனபோது பரீட்சை பாதி ஆகியிருந்தது. வாசலில் இருந்தவர் உள்ளே விட்டார், ஆனால் மெஷின் இரண்டுதான், இரண்டிலும் ஆள். அவளுக்குக் கடைசியில் கொஞ்ச நேரம் கிடைத்தது. போதவில்லை.

அடுத்த கம்பெனியிலும் அப்படியே. அது தீவில், கப்பல் ஏஜன்சி ஆபீஸ். அங்கே உள்ளேயே விடவில்லை. திரும்பி வரும்போது படகு என் பையன் வேலை செய்த துறைமுகக் கிடங்குப் பக்கமாகத்தான் போகும். நாங்கள் இருவரும் எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்பி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவோம். அன்றும் அப்படியே வந்தோம்.

வகுப்பு சார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "என்னோட ஸ்டூடன்ட்ஸ்ல நீதான் நல்லா செய்யற ஆள். ஆனா போன இடத்துல எல்லாம் லேட்டுன்னு எனக்கு போன் வருது. நீ லேட்டாப் போனா அடுத்த தடவை எங்கிட்ட ஆளே கேக்கமாட்டாங்க. மட்டாஞ்சேரியில படகு இல்லையா?" இருக்கிறது, தவறவிட்டேன் என்று சொன்னாளாம். அவ்வளவுதான் என்னிடமும் சொன்னாள்.

ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு கூப்பீடு வந்தது. மீனும் இறாலும் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. எறணாகுளத்தில் ஆபீஸ். சார் சொல்லிவிட்டார், இனி அவர் கையில் ஒன்றும் இல்லை, இதுதான் கடைசி என்று.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு ராவுத்தர் வீட்டம்மா இருந்தாள். அவர்களும் தமிழ்தான் பேசுவார்கள். காலையில் வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்பாள். அவளுக்கு வாய் நிற்காது, எனக்கு வாய் திறக்காது. அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் நான் ஆப்பம் வாங்கப் போனேன், மருமகளும் கூட வந்தாள்.

"ஏக்கா, நாளைக்கும் பரீட்சைக்குப் போறீங்களாமே. நாளைக்கும் படகு போனப்புறம்தானா?"

நான் மடியிலிருந்து காசை எடுத்தேன்.

"நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் கள்ளன்மாதிரி பின்சந்துல போறதும், அங்க போய் நின்னு படகுக்கு டாட்டா காட்டறதும். உங்க மூஞ்சியப் பாத்தா மிளகு வெல இறங்கிடுமாக்கும்! போன வாரம் இறங்கிச்சே, அது யாரு மூஞ்சியப் பாத்து? அந்த சேட்டு தன் பொண்டாட்டி மூஞ்சியத்தானே பாத்துட்டு வந்திருப்பாரு!"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை. "சின்னப் பொண்ணு. நாலு பேரு முன்னால யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டா அவளுக்குத் தாங்காது. அதான்" என்றேன்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்காகவா?"

"பின்ன?"

"நான் அத்தைக்காகன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அப்படிப் போறவங்க. கூட வர்ற நான் நேர்வழியில போகலாம்னு பறஞ்சா அத்தைக்குக் கொறச்சலாப் போயிடும்னு நெனச்சேன்."

ஆப்பக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என் ரப்பே! இவ அவளுக்காகவாம், அவ இவளுக்காகவாம். ரெண்டு படகு போச்சு! இந்தா, ஆப்பம் கரியறது."

ஆப்பம் கரிந்துதான் போயிருந்தது. கரிந்ததை எனக்கே கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவள் புடவையை மடித்து வைத்தாள். நான் அரிசி களைந்தேன்.

மறுநாள் காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து பிரிகிற இடத்தில் நின்றாள். வலப்பக்கம் பின்சந்து, இடப்பக்கம் கடைத்தெரு. என்னைக் கேட்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். நான் இடப்பக்கம் திரும்பினேன். வீட்டுக்காரர் போனபிறகு அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. தெரு அகலமாக இருந்தது, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பகலில் சாக்கும் வண்டியுமாக இருக்கும் தெரு, காலையில் அத்தனை அகலமா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மல்லிக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். ஒரு கடையில் கணக்குப்பிள்ளை ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துவந்து, நாங்கள் தாண்டிய பிறகு வாசலில் ஊற்றினார். சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுமைக்காரர் ஒருவர் தலையில் மூட்டையோடு வந்து, "மாறிக்கோ அம்மே, மாறிக்கோ" என்றார். எல்லாரிடமும் சொல்வதுதான் அது. நாங்கள் விலகினோம். பிறகு படகு நின்றிருந்தது, ஏறிவிட்டோம்.

இவ்வளவு செய்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே கரன்ட் இல்லை.

ஆபீஸ் வராந்தாவில் பரீட்சைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பையன்கள், சட்டையை உள்ளே விட்டு, கையில் பிளாஸ்டிக் பை. நேரத்துக்கு வந்த பெயர்களைச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் பெயரும் ஏறியது. கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. புழுக்கமாக இருந்தது. ஒரு பையன் ஆலுவாயிலிருந்து வந்தவன், ரயில் போய்விடும் என்று கிளம்பினான். இன்னொருவன் வேறு ஒரு இடத்தில் இன்டர்வியூ இருக்கிறது என்று போனான். சிலர் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பவில்லை. ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து, "இன்னைக்கு நடக்கும்னு தோணல. வேணும்னா போய்க்கோங்க, லெட்டர் போடறோம்" என்றார். இன்னும் சிலர் போனார்கள்.

"போலாமா அத்தே?" என்றாள்.

"எங்க போக?" என்றேன்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். எங்களுக்கு உட்கார்ந்திருப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் முழுக்க நாங்கள் செய்தது அதுதான். கொண்டுபோன ஆப்பத்தைச் சாப்பிட்டோம். மத்தியானம் ஆகிவிட்டது. திடீரென்று உள்ளே பேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. வராந்தாவில் அப்போது மிச்சம் இருந்தது அவளும் இன்னும் ஒரு பையனும்தான்.

மெஷின் இருக்கிற அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், தூசி ஆகாதாம். அவள் செருப்பை என் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்கு அவள் முதுகு தெரிந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அவள் அடிப்பாள், நிறுத்துவாள், விரலை மடக்கி ஏதோ எண்ணுவாள், மறுபடி அடிப்பாள். பின்னால் ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன கேட்டார்கள் என்று அவள் பிறகு படகில் சொன்னாள். இறால் கொண்டுவந்த படகுகளில் பெரிய ரகம் மட்டும் வேண்டும், ஐஸ் தீர்ந்துபோய் வந்தது வேண்டாம், அவற்றை மட்டும் மெஷினிடம் கேட்டு எடுத்துக் காட்டு என்றார்களாம். முதல் தடவை கேட்டபோது ஒன்றும் வரவில்லையாம். ஒரு புள்ளியை விட்டுவிட்டிருக்கிறாள். இரண்டாவது தடவை வந்ததாம்.

அந்தப் பெரியவர் அவளோடு வெளியே வந்தார். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"வேலை தெரியும் உனக்கு. ஆனா ஒரு விஷயம். எங்க படகு விவரமெல்லாம் அதிகாலையில வந்துடும். ஆபீஸ் திறக்கும்போது ஆள் இங்க மெஷின்ல இருக்கணும். இதுக்கு முன்ன போன இடத்துல எல்லாம் லேட்டுன்னு உன் சார் என்கிட்ட மறைக்காம சொன்னார். மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் முதல் படகுல வர முடியுமா? யோசிச்சுச் சொல்லு. முடியாதுன்னா அந்தப் பையன் இருக்கான்."

அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்த்திருக்கலாம், எனக்குப் பெரிய மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லை. என் கிடங்கு முதலாளியிடம்கூட அதுவரை நான் நேராகப் பேசியதில்லை. நான் செருப்பைப் பார்த்தேன். பிறகு, "வருவா" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "எந்தா?" என்றார்.

"வருவா. முதல் படகுல வருவா. தினமும்."

"இது யாரு, அம்மாவா?" என்று அவளைக் கேட்டார்.

"அத்தை. வீட்டுக்காரரோட அம்மா" என்றாள். அவர் அவள் நெற்றியைப் பார்த்தார், என் நெற்றியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

படகில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நானும் சந்தோஷப்படவில்லை. அந்தச் சந்தோஷம் எங்கேயோ ஒரு சாமானுக்குப் பின்னால் இருக்கிறது, பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பது போல இருந்தது. அவள் கேள்வியில் புள்ளி விட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நான் கிடங்குக்குப் போனபோது மேஸ்திரி கேட்டார், "நேத்து போணிக்கு முன்னால ரெண்டு பேரும் தெருவுல வந்தீங்களாமே?" ஆமாம் என்று தலையாட்டினேன். "மல்லிக் கடைக்காரர் நேத்து நாளெல்லாம் கத்திட்டு இருந்தார். சாயங்காலம் பாத்தா மல்லி வெல ஏறியிருக்கு. இப்ப என்ன பறையறதுன்னு அவருக்குத் தெரியல." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆப்பக்காரியிடம் சொன்னபோது, "அப்ப நாளைக்கும் வரச்சொல்லி ஆள் அனுப்புவாரு, கைநீட்டப் போணியே உங்க கையாலதான்னு" என்று சிரித்தாள். அப்படி யாரும் ஆள் அனுப்பவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவர் இன்னும் கொஞ்ச காலம் ஊற்றினார். தினமும் ஊற்ற வேண்டியிருந்ததால் அவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். செவ்வாய்க்கிழமையும் கிளம்பினேன். "வேண்டாம் அத்தே, எனக்கு வழி தெரியும்" என்றாள். வாசலில் நின்று பார்த்தேன். சந்து பிரிகிற இடத்தில் நிற்காமலே இடப்பக்கம் திரும்பினாள்.

ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பே அண்ணன் வந்தார். காலை வெயில் ஏறியிருந்தது. கையில் நேந்திரங்குலை கொண்டுவந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க அவ? பெட்டி கட்டியாச்சா?" என்றார்.

"ஆபீசுக்குப் போயிருக்கா" என்றேன்.

"ஆபீசுக்கா? ஒத்தைலயா?"

"முதல் படகுல போனா."

அவர் உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன். அந்த வேலை எப்படிப்பட்ட வேலை என்று கேட்டார். கேள்வி கேட்கிற வேலை என்றேன். அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்றார். "அவ சாயங்காலம் வருவா, இருந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். முதல் தடவையாக அவரிடம் அத்தனை வார்த்தை பேசினேன். அவர் கொஞ்ச நேரம் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலையை வைத்துவிட்டு எழுந்தார். "ஓணச் சாப்பாட்டுக்காவது வரச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்துக்கட்டும்" என்றார். சந்து முனைவரை கூடப் போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கிடங்குக்குப் போனேன். அன்றைக்கு எனக்கும் நேரமாகிவிட்டது.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருப்பது. மருமகள் இப்போது வெளியூரில், அவளும் தலை நரைத்தவள், என்னை மாதாமாதம் வந்து பார்க்கிறாள். இதை வாசிக்கிற பெண்ணே, அவள் அடுத்த தடவை வரும்போது நீ அவளிடம் கொஞ்சம் கேட்டுச் சரி பார்த்துவிடு. நான் கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். திரையில் எழுத்து பச்சைதானா, அந்த மெஷினுக்குச் சொல்லுகிற பாஷையின் பெயரை நான் சரியாக எழுதியிருக்கிறேனா, புள்ளி விட்டது முதல் தடவையா இரண்டாவது தடவையா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. ஓணம் எந்த வருஷத்து ஓணம் என்பதும் தெரியவில்லை. தப்பாக இருந்தால் அடித்துவிட்டு மேலே எழுது, எனக்கு ஒன்றும் இல்லை.